கொக்கு என்னும் கலம் அல் கூஸில் மிதந்த கதை

வாழ்க மகேசன்! வளைகுடா நாட்டு அல் கூஸ் நான்காம் வட்டாரத்துச் சாக்லேட் கிடங்கின் திறவுகோல் தாங்கும் தனிப்பெரும் தலைவன், பத்தொன்பது ஆண்டுப் பாலைவெயிலை ஏசிக்குள் இருந்தே வென்றடக்கிய பெருந்தகை, பெட்டியின் காலாவதித் தேதியை எட்டடி தள்ளி நின்று வாசிக்கும் கழுகுக்கண்ணன், யாழ்ப்பாணத்துச் சங்கானை ஈன்ற சான்றோன் வாழ்க! கிடங்கின் ஃபியூஸ் பெட்டிக்கு மேலே ஒட்டப்பட்டு, பதினெட்டு டிகிரிக் குளிரிலும் வெற்றுமார்போடு வீற்றிருக்கும் பிள்ளையாரே, தும்பிக்கை நுனி நனையாமல் இக்கதையைக் கரை சேர்த்தருள்க! மகேசன் ஏந்திய படைக்கலம் மூன்றும் வாழ்க: உருக்கு நாவை நீட்டி உலகளக்கும் அளவுநாடா வாழ்க; தரையையும் தண்ணீரையும் தன் ஓட்டத்தால் பிரிக்கும் மஞ்சள் டேப் வாழ்க; மனைவியின் கையெழுத்து ஒன்றுக்காகவே மூடி திறவாமல் தவமிருந்த ஒற்றை நீலப் பேனா வாழ்க, வாழ்க! அவனுக்கு நீச்சல் தெரியாது.

நீச்சல் தெரியாதவன் படகு வாங்கப் புறப்பட்ட வரலாற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். மகேசனின் மனைவி கஜந்தினி. கராமாவில் ஒரு கிளினிக்கில் தாதி. அழுகிற குழந்தை அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஊசியைக் குத்தி எடுத்துவிடும் விரைகரத்தாள். கணவன் பேச்சில் பாதியைக் காதில் வாங்கி மீதியை வாசலோடு திருப்பி அனுப்பும் நுண்செவியாள். அவள் இரண்டு பரீட்சை எழுதி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிவிட்டாள். இன்னும் இரண்டு மாதத்தில் பயணம். பிள்ளைகள் இல்லை, இருவர் மட்டும்தானே, "ஒரு சின்ன வீடு போதும்" என்று அவள் வாய் தவறிச் சொன்னாள். அந்தச் சின்ன என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மகேசன் போய்ச் சேர்ந்த இடம் இருக்கிறதே, அதை அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த நாட்டில் கால்வாய்கள் உண்டு. கால்வாய்களில் இரும்புப் படகுகள் உண்டு. ஒரு ரயில் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கியதுபோல் ஆறடி பத்தங்குல அகலம், ஐம்பத்தேழு அடி நீளம். அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், கக்கூஸ், ஜன்னலில் பூந்தொட்டி. அதைக் கரையில் கட்டிப்போட்டுச் சனங்கள் அதிலேயே குடியிருக்கிறார்கள். இதைக் கைப்பேசியில் கண்ட நாள் முதல் மகேசன் நானூற்றுப் பன்னிரண்டு வீடியோ பார்த்துத் தேர்ந்தான். எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதையும், மதகு திறந்து படகை மேலேற்றுவதையும், மலத்தொட்டியைக் கழற்றி ஊற்றுவதையும் ஐயம் திரிபறக் கற்றான். கற்றதை எல்லாம் சாப்பாட்டு வேளையில் மனைவிக்கு விளக்கினான். விற்பனைக்கு வந்த ஒரு பச்சைப் படகில் அவன் மனம் போய்க் கட்டுண்டது. அதன் ஆங்கிலப் பெயருக்குக் கொக்கு என்று பொருள். விற்பவர் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லிப் படிவம் அனுப்பினார். அதில் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும்.

ஏன் இந்தப் பித்து என்று கேட்பீர்கள். பத்தொன்பது ஆண்டில் மகேசன் குடியிருந்த அறைகள் பதினொன்று. சத்வாவில் கட்டடம் இடிக்கப் போகிறோம் என்றார்கள். கிசைசில் பலகைத் தடுப்பு அறைகளுக்கு இனி அனுமதி இல்லை என்றார்கள். கராமாவில் காரணமே சொல்லாமல், முடிந்தது என்ற பொருளில், அரபியில் "கலாஸ்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் கட்டில் கழற்றி, பானை சட்டி மூட்டை கட்டி, பெரும்பாலும் நண்பன் சேதுபதியின் பிக்கப்பில் ஏற்றி, புது அறையின் சாவிக்குக் கைகட்டி நின்று நின்று அவனுக்கு அலுத்துப்போயிற்று. ஆகவே ஒரு மாலைப் பொழுதில், புளிக்குழம்பு கொதிக்கும் அடுப்படியில், கையில் வெங்காயத்தோடு நின்றபடி அவன் திசை எட்டும் அதிர முழங்கினான்:

"இனி ஒருத்தனும் என்னை வீட்டை விட்டு எழும்பு எண்டு சொல்லேலாது, கஜி! நான் போறதெண்டா வீட்டையும் கொண்டுதான் போவன்!"

"முதல் அந்த வெங்காயத்தை உரியுங்கோ" என்றாள் கஜந்தினி.

வெங்காயம் உரிந்தது. ஆனால் படகே வேண்டாமென்று அவள் மறுத்ததற்கும் காரணம் உண்டு, அது சிரிக்கிற காரணம் இல்லை. பதின்மூன்று வயதில், போர்க்காலத்து இரவொன்றில், அவள் கிளாலிக் கடலேரியை ஒரு வள்ளத்தில் கடந்தவள். வெளிச்சம் போடக் கூடாது, இருமக் கூடாது. தாயின் மடியில் ஒரு துணிமூட்டை, அவள் மடியில் ஒரு துணிமூட்டை. பின்னால் வந்த வள்ளம் வந்து சேரவில்லை. "நான் வள்ளத்தில ஏறினது உயிர் தப்ப" என்று அவள் அன்று சொன்னாள். "அதுக்குப் பிறகு ஒரு வள்ளத்தில ஏறி, காலை நீட்டிப் படுத்து நித்திரை கொள்ள என்னால ஏலாது. எனக்குப் பயம். வேறொண்டும் இல்லை." மகேசன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். இரண்டு நாள் வீடியோவும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கஜந்தினியே வாய் திறந்தாள். புருஷன் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் சோறு போடுவது? சீருடையைக் கூடக் கழற்றாமல், அகப்பையைச் செங்கோலாய்ப் பிடித்து, அவள் போர்விதி வகுத்து அறிவித்தாள்: "ஞாயிற்றுக்கிழமை. காலமை ஆறில இருந்து பின்னேரம் ஆறு. உங்கட கொக்கை ஸ்டோரில நிலத்தில கீறுங்கோ. நானும் ஏறுறன். கோட்டுக்கு அங்கால எல்லாம் தண்ணி. நீங்கள் தண்ணியில கால் வைச்சா அங்க நான் பாத்து வைச்ச மூண்டாம் மாடி ஃபிளாட், பேச்சில்லை. நான் வைச்சா கையெழுத்து. ஆறு மணி மட்டும் ரெண்டு பேரும் நனையாமல் இருந்தாலும் கையெழுத்து. சரியோ?"

"சரி" என்றான் மகேசன். நானூற்றுப் பன்னிரண்டு வீடியோவும் அவன் நெஞ்சுக்குள் ஒருமிக்கக் கைதட்டின.

சனிக்கிழமை பிற்பகல், தொழிலாளர் எல்லாம் தாங்கள் தங்கும் கேம்புக்குப் போனபின், கலம் கட்டும் பணி தொடங்கிற்று. ஐந்தாம் அடுக்குக்கும் ஆறாம் அடுக்குக்கும் இடைப்பட்ட நெடுஞ்சந்தில் மகேசன் முழந்தாளிட்டு, அளவுநாடாவை விரித்து, மஞ்சள் டேப்பைப் பல்லால் கடித்து, ஐம்பத்தேழு அடியையும் தவழ்ந்தே கடந்து, மறுபக்கம் தவழ்ந்தே மீண்டான். ஹேசல்நட் பெட்டிகள் மதிலாயின. பாதாம் பெட்டிகள் மேல் விரித்த ஃபோம் மெத்தை கட்டிலாயிற்று. ஒரு கவிழ்த்த பெட்டி மேசை. அதன் மேல் படிவம். படிவத்தின் மேல் நீலப் பேனா. எல்லாம் வாய்த்தும் ஒரு பெரும் இடர் எழுந்தது. கிடங்கின் கக்கூஸ் கலத்துக்கு வெளியே, இடப்புறம் ஒன்பதடி தூரத்தில் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு நேரம் என்பதை ஐம்பது வயதுக்காரன் அறிவான். ஆகவே பின்னணியத்தை, அதாவது படகின் வால்பக்கத்தை, இடப்புறமாக வளைத்து, டேப்பைக் கக்கூஸ் கதவு வரை கொண்டுபோய், உள்ளே விட்டு, வெளியே எடுத்து ஒட்டினான்.

ஞாயிறு காலை அதைப் பார்த்த கஜந்தினி, "இது கொக்கோ, வாழைப்பழமோ?" என்று கேட்டாள்.

"இங்கிலாந்தில வளைவான கால்வாயும் இருக்கு" என்றான் அவன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, அவளுக்கும் நாற்பத்தைந்து வயது.

ஆறு மணி அடித்தது. வலது காலை எடுத்து வைத்து இருவரும் கலம் ஏறினர். ஏறியதும் எதிரணித் தலைவி செய்த முதற்காரியம் என்ன தெரியுமோ? கைப்பையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து, எலெக்ட்ரிக் கெட்டிலில் ஊற்றி, பொங்கவிட்டாள். "படகு வேண்டாம் எண்டனீர், பிறகென்ன பால்?" என்று மகேசன் வாயெடுக்க, "புது இடத்துக்குள்ள சும்மா வரக் கூடாது, அவ்வளவுதான்" என்று வெட்டிவிட்டாள். போருக்கு வந்த பகைவரே குடிபுகலுக்குப் பால் காய்ச்சிய களம் வேறெங்கும் உண்டா? இருவரும் ஆளுக்கு அரை டம்ளர் குடித்தார்கள்.

பால் உள்ளே இறங்கியதும் மகேசனுக்குக் கக்கூஸ் நினைவு வந்தது. எழுந்தான், காலால் துழாவினான், திகைத்தான். அவன் செருப்பு அங்கே இல்லை. அது எங்கே? ஐயகோ, வீட்டுக்குள் ஏறுமுன் செருப்பை வெளியே கழற்றி வைக்கும் ஐம்பதாண்டு ஒழுக்கம் அவனை வீழ்த்திவிட்டது! அவன் செருப்பு ஒரு சோடியும் அவள் செருப்பு ஒரு சோடியும், கோட்டுக்கு அப்பால் நாலடி தூரத்தில், நட்டாற்றில், ஒன்றோடொன்று ஒழுங்காய் ஒட்டி நின்றன. கக்கூஸ் தரையோ எப்போதும் ஈரம்.

"செருப்பு மிதக்குது" என்றாள் கஜந்தினி, தலையைத் திருப்பாமல்.

அப்பொழுது மகேசன் செய்த வீரத்தைச் சொல்ல ஒரு நா போதாது. கலத்தின் மூலையில் சாத்திக் கிடந்த மாப்புக் கட்டையை அவன் உருவினான், கோட்டின் விளிம்பில் குப்புறப் படுத்தான், தொந்தி கரையில் அழுந்த, தலை நீருக்கு மேலே தொங்க, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்க, மாப்பை நீட்டி இடதுசெருப்பைத் தொட்டான், தொட்டது தள்ளிப்போனது, மீண்டும் நீட்டி மேலும் தள்ளினான், தள்ளத் தள்ள அது போகப் போக, வலதுசெருப்பு மட்டும் ஏளனமாய் அங்கேயே நிற்க, அவன் மாப்பைத் திருப்பிப் பிடித்து, கொக்கிப் பக்கத்தால் வாரைக் கவ்வி, மூச்சடக்கி, அங்குலம் அங்குலமாக இழுத்து இழுத்து ஒன்றை மீட்டான், இரண்டை மீட்டான், பின்பு தனக்கு முட்டி நிற்கும் அவசரத்தையும் பொருட்படுத்தாது மனைவியின் இரண்டையும் மீட்டு அவள் காலடியில் வைத்தான். இருபது நிமிடம் ஆயிற்று. அதன்பின் அவன் கக்கூசுக்கு ஓடிய ஓட்டத்தைப் பாடாமல் விடுவதே மரியாதை.

"இனிச் செருப்பும் படகுக்குள்ளதான்" என்று திரும்பி வந்து ஆணையிட்டான். நாலு செருப்பும் முன்னணியத்தில், கோட்டுக்கு உட்புறம், வரிசையாய் அமர்ந்தன. வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பதா என்று இருவரும் வெறுங்காலோடே உலாவினர்.

முற்பகல் குளிரோடு கழிந்தது. வெளியே நாற்பத்துநாலு டிகிரியில் அல் கூஸின் தகரக் கூரைகள் எல்லாம் வெந்து கிடக்க, உள்ளே சாக்லேட் உருகக் கூடாதென்று ஓயாமல் ஓடும் ஏசிக்கடியில் இருவர் பல்லும் தந்தியடித்தன. அதற்கென்றே மகேசன் ஒரு பேராயுதம் வைத்திருந்தான். வளைகுடாவுக்கு வந்த ஒவ்வொருவனும் ஊருக்குக் கார்கோவில் அனுப்பியே தீரும், நாலு கிலோ எடையுள்ள, பாயும் புலி படம் போட்ட கம்பளி அது. சங்கானைக்குப் போக வேண்டிய அந்தப் புலி, போர்த்த ஆளில்லாத வெயில் ஊரில் மூன்று வருடம் பெட்டிக்குள் கிடந்து, அன்று முதன்முதலாகத் தன் தொழிலைச் செய்தது. இருவரும் அதற்குள் புகுந்து, பருப்புச் சோறு சாப்பிட்டு, கையைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று கொஞ்சம் சண்டை பிடித்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் கஜந்தினி கட்டிலில் சாய்ந்தாள். "நான் சும்மா கண்ணை மூடுறன். நித்திரை இல்லை" என்று முன்கூட்டியே அறிக்கை விட்டாள். கட்டிலின் அகலம் அவனுடையதோ அவளுடையதோ என்று சொல்ல முடியாத அகலம். ஆகவே அவள் தலை மகேசனின் இடக்கை மேல் வந்து அமர்ந்தது. ஐந்து நிமிடத்தில் அவள் மூச்சு நீண்டது. பத்து நிமிடத்தில் மெல்லிய குறட்டை. மகேசன் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தான். படகில் நித்திரை வராது என்றவள் படகில் நித்திரை.

கேளுங்கள், இனி நடந்ததுதான் அன்றைய பெரும்போர். இரண்டு மணிக்கு அவன் விரல்கள் மரத்தன. இரண்டேகாலுக்கு மணிக்கட்டு அவனைக் கைவிட்டது. முழங்கைக்கு மேல் ஆயிரம் எறும்பு அணிவகுத்து ஏறின. தோளுக்கு வந்து பாசறை அடித்தன. மூக்கு நுனி அரித்தது, சொறிய வேண்டிய வலக்கையோ கம்பளிப் புலியின் வயிற்றுக்கடியில் சிறைப்பட்டிருந்தது. போதாக்குறைக்குத் தும்மல் ஒன்று தொலைவில் புறப்பட்டு, மூக்கின் அடிவாரத்தில் வந்து நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டது. மகேசன் வரவேண்டாம் என்றான். பல்லைக் கடித்து, மூச்சை விழுங்கி, கண்ணில் நீர் பெருக, ஒரு மலையைப் போல அவன் கிடந்தான். அது வென்றோம் என்ற பெருமையில் கிடந்ததல்ல. அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு கதவு தட்டினால் எழும்பி உட்காருகிறவள் அவள். மூன்று மணிக்கு அவளே கண் விழித்து, வாயைத் துடைத்து, "நான் நித்திரை கொள்ளேல்லை" என்றாள்.

"இல்லை" என்றான் மகேசன். கை வேலை செய்ய இன்னும் அரை மணி நேரம் எடுத்தது.

நாலரை மணிக்குப் பக்கக் கதவில் தட்டும் ஓசை. திறக்கப் போக முடியாது. இடையே முப்பதடி நீர்ப்பரப்பு. "திறந்துதான் கிடக்கு, தள்ளு!" என்று மகேசன் கலத்தின் மேல் நின்று கூவினான். வந்தவன் சேதுபதி. இராமநாதபுரத்துக்காரன், பதினாலு வருடப் பழக்கம், பதினொரு அறைகளில் எட்டுக்கு இவர்கள் கட்டிலைத் தோளில் சுமந்து மாடியேற்றிய திண்தோளன், பிக்கப் ஓட்டும் பெருவலவன். ஒரு கையில் மட்டன் பிரியாணிப் பொட்டலம், மறுகையில் கைப்பேசி. நேரே தண்ணீருக்குள் நடந்து வந்து, சந்தின் நடுவில் நின்றான்.

"என்னண்ணே இது? ஸ்டோரை ஃபிளாட் போட்டு விக்கிறீங்களா?"

"தம்பி, நீ இப்ப தண்ணியில நிக்கிறாய். முதல் ஏறு!"

சேதுபதி குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு கஜந்தினியைப் பார்த்தான். "ஏறுங்கோ சேது, பிறகு சொல்லுறன்" என்றாள் அவள், வெகு சாதாரணமாக. அவன் செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஏறினான்.

பிரியாணி பிரிந்தது. கதை முழுதும் கேட்ட சேதுபதி சிரித்தான். கக்கூஸ் வளைவைப் பார்த்து இன்னும் சிரித்தான். பின்பு எலும்பைக் கடித்துக்கொண்டே, வந்த காரணத்தைச் சொன்னான். "விசா கேன்சல் அடிச்சாச்சுண்ணே. இன்னைக்கு ராத்திரி ஃபிளைட். ஒரேயடியா போறேன். நம்ம முதலாளி கபீல் பாஸ்போர்ட்டக் கையில குடுத்துட்டான். வண்டியக் கம்பெனில விட்டுட்டு அப்படியே ஏர்போர்ட்டு." மகேசன் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. கஜந்தினி எழுந்து, தேவையில்லாமல், இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏன்டா முதலே சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க அண்ணிய விட்டு மூட்டை கட்ட வச்சுருவீங்க. இந்தக் கம்பளி, அந்த டேங் பவுடருன்னு. ஃபிளைட்ல எனக்கு முப்பது கிலோதான்." மேசையிலிருந்த பேனாவை எடுத்து, ஹேசல்நட் மதிலில் தன் ஊர் நம்பரைப் பெரிதாக எழுதினான். "இது மாறாது. எப்ப வேணும்னாலும் அடிங்க. நீங்க அடுத்த வாட்டி ரூம் மாத்தும்போது வண்டிக்கு யாரைப் புடிப்பீங்கன்னுதான் எனக்குக் கவலை."

"இனி மாத்தமாட்டம் சேது" என்று மகேசன் சொல்ல வாயெடுத்து, மனைவி முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டான். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஐந்தரைக்குச் சேதுபதி எழுந்தான். "அப்ப போயிட்டு வர்றேன் அண்ணி. வர்றேண்ணே." அவன் எழ, அவர்களும் எழுந்தார்கள். யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்றை இங்கே கேட்போர் அறிய வேண்டும். வந்தவரை வாசலோடு நின்று அனுப்புவது அங்கே அனுப்புவது ஆகாது. படலை வரை, வேலிக்கதவு வரை, கூடப் போக வேண்டும். படலையில் நின்று, அதுவரை நினைவுக்கு வராத முக்கியமான கதை ஒன்றைத் தொடங்க வேண்டும். அது முடிந்ததும் வேறொன்று. வந்தவர் தெருமுனை திரும்பி மறையும் வரை கை காட்ட வேண்டும். இதை எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எழும்பினால் கால் தானே போகும்.

போயின கால்கள். "உங்கட அம்மாவின்ர சுகர் மருந்தை நேரத்துக்குக் குடுக்கச் சொல்லுங்கோ" என்றபடி கஜந்தினி போக, "ஏர்போர்ட்டில லைன் பெரிசு, நேரத்தோட போ" என்றபடி மகேசன் போக, மூவரும் ஐந்தாம் அடுக்கைக் கடந்து, பக்கக் கதவைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, இரும்புக் கேட்டுக்கு வந்து, அங்கே நின்று, சேதுபதியின் மகள் எந்த வகுப்பு என்று பேசி, அவன் மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று பேசி, பின்பு பிக்கப் கிளம்ப, கிளம்பிய பிக்கப் தூசி கிளப்பித் திருப்பத்தில் மறையும் வரை இருவரும் கை காட்டினார்கள். கஜந்தினி கண்ணைத் துடைத்தாள். மகேசனும் துடைத்தான், தூசி என்று சொல்லிக்கொண்டு.

அப்பொழுது கால் சுட்டது.

வெயிலில் காய்ந்த கான்கிரீட். வெறுங்கால். இருவரும் ஒரு காலைத் தூக்கி, மறுகாலைத் தூக்கி, ஒரே வேளையில் கீழே குனிந்து பார்த்தார்கள். செருப்பு எங்கே? முன்னணியத்தில், கோட்டுக்கு உட்புறம், வரிசையாய். அப்படியானால் தாங்கள் எங்கே? ஓ, மாப்புக்கட்டை மறவனே! தும்மலை வென்றவனே! எறும்புப்படை ஆயிரத்தையும் அசையாமல் தாங்கி நின்றவனே! குளிர் வெல்லாத, பசி வெல்லாத, கக்கூஸ் வெல்லாத உன்னை, ஒருவன் "போயிட்டு வர்றேன்" என்று சொன்ன ஒரு சொல் நடுக்கால்வாயில் கொண்டுவந்து இறக்கிவிட்டதே! மகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நாற்பத்தொன்று.

"பத்தொன்பது நிமிசம்" என்றான். கடிகாரத்தை அவள் முன் நீட்டினான். "பத்தொன்பது நிமிசம் இருந்தால் காணும், கஜி."

"நானும்தானே நிக்கிறன்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் தண்ணீரில்தான் நின்றாள், அவன் பக்கத்தில், ஒற்றைக்காலில், கொக்கு மாதிரி. அவன் இறங்கினால் ஃபிளாட். அவள் இறங்கினால் கையெழுத்து. இருவரும் சேர்ந்து இறங்கினால் என்ன என்று விதியில் இல்லை. விதியை வகுத்தவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கேட்டைப் பார்த்தாள், சேதுபதி போன திருப்பத்தைப் பார்த்தாள்.

"உங்களோட வரேக்க எனக்குத் தண்ணியே தெரியேல்லை" என்றாள். பிறகு, "நான் நித்திரை கொண்டனான். தெரியும்" என்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு வீடியோவில் ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை.

"சேது அங்க கொக்குக்கு ஒருக்கால் வந்தா எங்க படுக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

கேட்டதே போதும்! முரசு முழங்குக, சங்கம் ஒலிக்குக! மகேசன் நடுவெயிலில், சுடுதரையில், இரு கையும் வானுயர விரித்து அறிவித்தான்: "மேசையை மடிச்சா கட்டில்! கீழ ஒரு பலகையை இழுத்தா ரெண்டு பேர் படுக்கலாம்! வீடியோவில காட்டினவங்கள்!"

"சரி, சரி. உள்ளுக்கு வாங்கோ, கால் பொரியுது."

உள்ளுக்கு என்றாள். கதவைத் தாண்டி, அடுக்குகளைத் தாண்டி, மஞ்சள் கோட்டை இருவரும் வலதுகால் வைத்துத் தாண்டினார்கள். ஆறு மணியாகப் பதினைந்து நிமிடம் இருக்க, பாலைவனத்தின் நடுவில், சாக்லேட் மலைகளின் அடிவாரத்தில், காற்றும் அலையும் இல்லாத அக்கலத்தின் கண்ணே, விரைகரத்தாளாம் கஜந்தினி கவிழ்த்த பெட்டியின் முன் அமர்ந்து, தலைமுடியை ஒதுக்கி, படிவத்தை விரித்து, தன் பெயருக்கு நேரே இருந்த வெற்றிடத்தில் சுட்டுவிரலை ஊன்றி, மறுகையைக் கணவனை நோக்கி நீட்டினாள்.

பேனாவைச் சேதுபதி கொண்டுபோய்விட்டான்.